பதினோராம் பீப்பாவும் ஒரு தேக்கரண்டியும்

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்னைப் பிடித்துப்போகும். எனக்கு அந்த ஆசை இல்லை. வடிசாலையில் எனக்கு மேலே மனேஜராக இருந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. ஏழு வருஷம் அவரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு கல்பிட்டியில் ஒரு பின்னேரம் பழி தீர்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நல்ல நித்திரை வருகிறது.

நான் உடப்பு ஆள். எங்கள் ஊர் ஆண்கள் கடலுக்குப் போவார்கள், இறால் பண்ணைக்குப் போவார்கள். நான் சாராயத்துக்குப் போனேன். இப்படிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சாராயத்துக்குப் போனேன் என்றால் வேலைக்குப் போனேன். சிலாபத்துக்குத் தெற்கே, தென்னந்தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு வடிசாலையில், வடித்து வந்த சாராயத்தை மணந்து பார்த்துத் தரம் பிரிப்பது என் தொழில். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவேன். முதலில் ஆவி அடிக்கும். அது போகட்டும் என்று விட்டால் பின்னால் கள்ளு வரும், அதற்கும் பின்னால் மரம் வரும். கள்ளு ஒரு நாள் பிந்தி வந்ததா, பானை கழுவாமல் இறக்கினதா என்பதுகூடத் தெரியும். சில வேளை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவேன். விழுங்கியது கிடையாது. விழுங்குகிறவனுக்கு மூன்றாவது வாய்க்குப் பிறகு எல்லாமே நல்ல சாராயம்தான்.

ஆடி மாதத்தில் மட்டும் கொப்பளிக்கவும் மாட்டேன். எங்கள் அம்மன் கோயிலில் தீ மிதிப்பதற்குக் காப்புக் கட்டினால் பதினெட்டு நாள் விரதம். மீன் மச்சம் இல்லை, மது இல்லை. சாராயத்தில் கை நனைக்கிறவனுக்கு என்ன விரதம் என்று ஊரில் பகிடி பண்ணினார்கள். கை நனைந்தால் கழுவலாம், வாய் நனைந்தால்தான் பிழை என்று நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். அம்மனுக்கு அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

வடிசாலைக்குத் தேவை ஒரே ஒரு ருசி. போன வருஷம் வாங்கிய போத்தலும் இந்த வருஷம் வாங்கிய போத்தலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் பெரிய ஹல்மில்ல மரத் தொட்டிகளில் ஊற்றிக் கலப்பார்கள். அருமையாக வந்ததும் அதற்குள்தான், சுமாராக வந்ததும் அதற்குள்தான். எனக்கு அது பொறுக்காது. ஒரு வருஷம் கடும் வறட்சி. கடற்கரையோரத் தோட்டங்களிலிருந்து வந்த கள் குறைவு, ஆனால் அதிலிருந்து வடிந்த சாராயத்தில் வேறு ஏதோ இருந்தது. வறுத்த தேங்காய்ப்பூவும் உப்புக் காற்றும் சேர்ந்த ஒரு மணம். தனியாக எடுத்து வைப்போமா என்று மனேஜரைக் கேட்டேன்.

"விருப்பம் எண்டா செய்யும். எனக்குத் தொந்தரவு தராதேயும்" என்றார். பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

உடைந்த தொட்டியின் பலகைகளில் செய்த சின்னப் பீப்பாக்கள் களஞ்சியத்தின் மூலையில் கிடந்தன. பதினோராம் இலக்கப் பீப்பாவைக் கழுவிக் காயவைத்து நானே நிரப்பினேன். ஆடி மாதம். கையில் காப்பு இருந்தது. மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டு, அவ்வளவுதான் காப்பு. அடைப்பை அறைவதற்கு முன் கடைசியாக ஒருமுறை மணந்து பார்க்கலாம் என்று துளைக்குள் விரலை விட்டேன். நனைந்து தளர்ந்து விரல்வரை இறங்கியிருந்த நூல் மரச் சிராயில் மாட்டியது. கையை இழுத்தேன். காப்பு உள்ளே விழுந்துவிட்டது.

தீ மிதிக்கும் நாள்வரை கழற்றக் கூடாத காப்பு சாராயத்துக்குள் கிடக்கிறது. வெளியே சொன்னால் ஊரில் என்னைத் தீக்குழிப் பக்கம் விடமாட்டார்கள், வடிசாலையில் பீப்பாவைக் கவிழ்த்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். அடைப்பை அறைந்தேன். வீட்டில் கறிக்கு வைத்திருந்த மஞ்சளில் ஒரு துண்டை எடுத்து நானே கட்டிக்கொண்டேன். பதினைந்து வருஷம் தீ மிதித்தவனுக்கு அந்த வருஷம் மட்டும் இடது காலில் கொப்புளம் போட்டது. காரணம் எனக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரியும்.

நாலு வருஷம் கழித்து, அதே ஆடியில், வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் வடிசாலை பார்க்க வந்தார்கள். மனேஜர் ஸ்கொட்லாந்தில் விஸ்கி வடிக்கிற இடத்தில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவர். வெள்ளைக்காரரைக் கண்டால் அவருக்குக் கழுத்து ஓர் அங்குலம் நீளும். அவர்களுக்குக் காட்டப் பதினோராம் பீப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தேன். "இதை நான்தான் தனியாக வைத்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். பிறகு என்னைக் கூப்பிட்டு, ருசி பார்த்துச் சொல்லச் சொன்னார்.

நான் கையில் தேய்த்து மணந்து சொன்னேன். வாயில் வைத்துச் சொல்லச் சொன்னார்.

"சேர், காப்புக் கட்டியிருக்கன். பதினெட்டு நாளும் வாயில வைக்க ஏலாது" என்று கையைக் காட்டினேன்.

"அது உம்மட வீட்டில. இது வேலைத்தலம்."

அவருக்கும் அம்மன் தெரியும். கொழும்பில் வளர்ந்தாலும் கோயில் குளம் தெரிந்த தமிழர்தான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் விருந்தாளிகள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அவர்கள் சங்கடமாகச் சிரித்தார்கள். எனக்கு விளங்காமல் போய்விடுமோ என்று அதைத் தமிழிலும் சொன்னார்.

"மூக்கு மட்டும் போதும் எண்டா நான் ஒரு நாய வச்சிருப்பனே."

அடுத்த நாள் என்னைப் போத்தல் கழுவுகிற பகுதிக்கு மாற்றினார். அடுத்த மாதம், தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று ஒரு கடிதம் வந்தது. வேலை போனது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு வருஷம் என்னை அரித்தது அது அல்ல. "இதை நான்தான் தனியாக வைத்தேன்" என்ற அந்தச் சொல். என் பீப்பா அது. அதை அவர் வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு உடப்பு பஸ்ஸில் நின்றுகொண்டு தீர்மானித்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி ஒரு பெண்ணின் உருவத்தில் வந்தது. வென்னப்புவைப் பக்கத்து வேதக்கார அம்மா, கத்தோலிக்கர். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இத்தாலியில் இருப்பார்கள். இவர் பதினாறு வருஷம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பியவர். இத்தாலியில் ஒரு கிழவரின் கடையில் துப்புரவு வேலை. அந்தக் கிழவர் விஸ்கி வடித்ததே இல்லை. ஸ்கொட்லாந்துக்குப் போய் வடிசாலைகளில் பீப்பா பீப்பாவாக மணந்து பார்த்து, பிடித்த ஒன்றை வாங்கிவந்து, நிறமும் தண்ணீரும் சேர்க்காமல் தன்னுடைய லேபலில் போத்தலில் அடைப்பார். தொட்டியில் கலந்து காணாமல் போக இருந்த ஒரு பீப்பாவை அவர் காப்பாற்றி அதற்கு ஒரு முகம் கொடுப்பார். இவர் அந்தக் கடையைக் கூட்டித் துடைத்துக்கொண்டே அந்தத் தொழிலைப் படித்துவிட்டார். ஊருக்கு வந்து, அனுமதி எடுக்க நாயாய் அலைந்து, சாராயத்தில் அதையே செய்யத் தொடங்கினார். என்னைப் பற்றி யாரோ சொல்லி வீட்டுக்கே வந்தார்.

"அண்ணே, வடிக்கிறவன் வேற, போத்தல்ல அடைக்கிறவன் வேற. வடிக்கிறவனுக்கு அடுப்பு வேணும். எங்களுக்கு மூக்கு வேணும்" என்றார். நான் அவரை மெடம் என்று கூப்பிடத் தொடங்கினேன். நாய் வளர்க்கிறேன் என்று சொல்லாத முதல் முதலாளி அவர்.

இரண்டு வருஷம் சின்னச் சின்ன வடிசாலைகளில் வாங்கினோம். மூன்றாவது வருஷம், என் பழைய வடிசாலை களஞ்சியத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள், மூலையில் கிடக்கிற சின்னப் பீப்பாக்களைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று செய்தி வந்தது. மெடம் முன்னே போக, நான் பின்னே போனேன். மனேஜர் என்னைக் கண்டார்.

"நீரா? இன்னும் மணக்கிறீரா?" என்றார்.

"ஓம் சேர்" என்றேன்.

பதினோராம் பீப்பாவின் இலக்கம் மங்கிப்போயிருந்தது. எனக்கு இலக்கம் தேவைப்படவில்லை. அடைப்பை எடுத்ததும் வறுத்த தேங்காய்ப்பூ வந்தது, காற்று வந்தது, எல்லாவற்றுக்கும் கடைசியில் மெல்லியதாக மண்ணும் வெயிலும் மாதிரி ஒன்று வந்தது. அது என்ன என்று எனக்கு மட்டும் தெரியும். மெடத்திடம் இதுதான் என்று தலையை ஆட்டினேன்.

மனேஜர் ஏன் இந்தப் பீப்பா என்று கேட்டார். மெடம் மறைக்காமல் சொன்னார்: இந்த வடிசாலையின் பெயரையும் பீப்பாவின் இலக்கத்தையும் போட்டு, தனிப் பீப்பாச் சாராயம் என்று அடைக்கப் போகிறோம். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தன் கந்தோர் அறைக்குப் போய், தான் தேநீர் கலக்குகிற தேக்கரண்டியையும் வேறொரு வடிசாலையின் சாராயப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் கண்முன்னே ஒரு தேக்கரண்டி ஊற்றிப் பதினோராம் பீப்பாவுக்குள் விட்டார்.

"பயப்படாதேங்கோ மிஸ், ருசி மாறாது. ஸ்கொட்லாந்தில பெரிய வடிசாலைகள் இப்பிடித்தான் செய்யும். ஒரு தேக்கரண்டி வேற விஸ்கி விழுந்தா அது கலப்பு. பிறகு வாங்கினவர் எங்கட பேரைப் போட ஏலாது, தனிச் சரக்கெண்டும் சொல்ல ஏலாது. கண்டவன் எல்லாம் எங்கட பேரில போத்தல் அடிக்க விடலாமே?"

கண்டவன் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். அதோடு விடவில்லை, எழுத்திலும் தந்தார். இந்தப் பீப்பாவில் உள்ளது எமது வடிசாலையின் சாராயமாகக் கருதப்படக் கூடாது, எமது பெயரை எவ்விதத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று கடிதத் தலைப்பில், கையெழுத்தும் முத்திரையும் போட்டு. லொறியில் ஏறியதும் மெடம் சிங்களத்தில் ஒரு சொல் சொன்னார். வேதக்கார அம்மா சொல்லக்கூடிய சொல் அல்ல, ஆகவே நான் எழுதவில்லை.

பீப்பாவைத் திறந்து வெள்ளைத் துணியில் வடிகட்டினோம். கடைசிக் கலங்கலோடு என் காப்பு வந்து துணியில் விழுந்தது. வெளிறிப்போன நூல், சுருங்கிக் கறுத்த ஒரு மஞ்சள் துண்டு. மெடம் பூச்சி என்று நினைத்துப் பின்வாங்கினார். மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி மாதம், காப்பு, கொப்புளம் வரை.

மெடம் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினார். பிறகு ஒரு மிடறு குடித்தார்.

"மஞ்சள்தானே அண்ணே, நஞ்சு இல்லையே."

"மஞ்சள்தான் மெடம்."

"அந்தக் கடைசி ருசி இதாலதான். உங்கட அம்மன் எனக்கும் சேத்துப் பாத்திருக்கா."

அப்படிச் சொன்னாலும் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பி, குடிக்க உகந்தது என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் போத்தலில் அடைக்க விட்டார். லேபலில் என்ன போடுவது என்பதுதான் கேள்வி. வடிசாலையின் பெயர் போட முடியாது, தனிப் பீப்பா என்று போட முடியாது. எனக்கு ஒரு யோசனை வந்தது, என் வாழ்க்கையிலேயே வந்த நல்ல யோசனை அதுதான். சாராயத்துக்குப் பெயர்: ஒரு தேக்கரண்டி. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில்: இது ஒரு பீப்பாவில் இருந்த சாராயம். அது எந்த வடிசாலை என்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. விடைகொடுக்கும்போது அவர்கள் வேறு சாராயம் ஒரு தேக்கரண்டி சேர்த்தார்கள். அதற்கு முன்பே அதில் ஒரு துண்டு மஞ்சளும் கிடந்தது. இவ்வளவும் உண்மை. மெடம் வாசித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நூலையும் மஞ்சளையும் நான் காயவைத்து, ஒரு பழைய மருந்துப் போத்தலில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது தெரியாது. கையை விட்டுப் போகக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

கல்பிட்டியில் காற்று அடிக்கிற மாதங்களில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு களப்புத் தண்ணீரில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வந்து நிறைவார்கள். அவர்களுக்காக ஒரு ஹோட்டல்காரர் பின்னேரம் நாலு மணிக்குச் சாராயம் ருசி பார்க்கிற ஒரு கூட்டம் வைத்தார். ஆறு பேர் கொண்டுவந்த ஆறு போத்தல்கள். லேபல் தெரியாமல் மண்ணிறக் கடதாசியில் சுற்றி, இலக்கம் மட்டும் போட வேண்டும். ஒவ்வொன்றையும் பற்றிப் பேச, விஷயம் தெரிந்தவர் என்று என் பழைய மனேஜரை அழைத்திருந்தார்கள். ஆடி மாதம். என் கையில் காப்பு இருந்தது.

எங்களைக் கண்டதும் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார். நாங்கள் என்ன கொண்டுவந்தோம் என்று கேட்கக்கூட இல்லை. முதல் மூன்றையும் பற்றி நிறையப் பேசினார். நாலாவது கிண்ணத்தை எடுத்தார், மணந்தார், பேச்சு நின்றது. குடித்தார். மறுபடி குடித்தார். கெட்டவர் என்றாலும் நாக்கு நல்ல நாக்கு. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை, அதை நம்பித்தான் வந்திருந்தேன்.

"இது எங்கட சரக்கு" என்றார். ஆங்கிலத்தில் ஒருமுறை, எங்களுக்காகத் தமிழில் ஒருமுறை. பிறகு வடிசாலையின் பெயரை முழுசாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். எந்தப் பெயரை நாங்கள் அச்சிடக் கூடாது என்று கரண்டியோடு வந்தாரோ அதே பெயரை.

மெடம் எழுந்து போய்க் கடதாசியைக் கழற்றிப் போத்தலை அவர் முன்னால் வைத்தார். பின்பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் அந்தக் கடிதத்தை எடுத்து அதையும் வாசித்தார், முத்திரை வரைக்கும். ஒரு வெள்ளைக்காரப் பெண் தேக்கரண்டி எதற்கு என்று கேட்டாள், ஹோட்டல்காரர் விளங்கப்படுத்தினார். மேசை முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. எனக்கு இன்னும் வேண்டியது கிடைக்கவில்லை.

மனேஜரின் காது சிவந்தது. ஆனால் விழுந்த இடத்திலிருந்து எழும்பத் தெரிந்த ஆள் அவர். கடிதம் கம்பனி விவகாரம், அதை விடுங்கள் என்றார். சாராயத்தைப் பாருங்கள் என்றார். "இந்தப் பீப்பாவத் தெரிஞ்செடுத்தது நான், நிரப்பினதும் நான். கடைசியில ஒரு மண் வாசம் வருது பாத்தீங்களே? அது சும்மா வரேல்ல. அது நான் செய்த ஒரு வேலை. ரகசியம், சொல்ல மாட்டன்."

ஏழு வருஷத்துக்கு முன் சொன்ன அதே பொய், இப்போது கால் முளைத்து நடக்கிறது. நான் எழுந்து போனேன். சட்டைப் பையிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்து, நூலையும் மஞ்சளையும் அவர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்தேன். பக்கத்திலேயே என் கையையும் வைத்தேன். கையில் புதுக் காப்பு, மேசையில் பழைய காப்பு. இரண்டும் ஒரே நூல், ஒரே முடிச்சு.

"சேர் செய்த ரகசிய வேலை இதோ? பீப்பாவுக்குள்ள இருந்துதான் எடுத்தம்" என்றேன்.

அவர் பழையதைப் பார்த்தார், புதியதைப் பார்த்தார். விளங்கிவிட்டது. பீப்பா தன்னுடையது என்றால் இந்த அழுக்கு நூலும் தன்னுடையது. அத்தனை பேருக்கும் முன்னால் அவர் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

"எனக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்ல!" என்று என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினார். நீர் என்கிற மரியாதையும் போய்விட்டது. "அந்தப் பீப்பாவ நான் தொட்டதே இல்ல! தெரிஞ்செடுத்தவன் இவன், கழுவினவன் இவன், நிரப்பினவன் இவன்! முழுக்க முழுக்க இவன்ட வேலை!"

ஹோட்டல்காரர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மேசையில் இருந்த எல்லோரும் நாலாவது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"ஓம் சேர்" என்றேன். "நான்தான்."